யாரோ உடுத்திய துணி

"ஐயா, 'துன்னம்' என்றால் தையல்தானே? கடைக்குப் பெயராக வைத்தால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்களே?" என்று சென்ற மார்கழியில் ஒரு நாள் என் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் கேட்டாள். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையைப் பாடம் நடத்துகையில், மருவூர்ப்பாக்கத்தில் பொற்கொல்லருக்கும் தோல் தைப்பவருக்கும் நடுவே துன்னகாரரும் குடியிருந்தனர் என்று சொல்லி, அந்தச் சொல்லின்மேல் ஐந்து நிமிடம் செலவிட்டிருப்பேன். வகுப்பில் உதிர்த்த ஒரு சொல் மூன்றாண்டு கழித்து ஒரு கடையின் வாசலில் நிற்கப்போகிறது என்பதில் எனக்குப் பெருமைதான். என்ன கடை என்று விசாரித்தேன்.

கடை என்று ஒன்றும் இல்லை. அம்பத்தூரில் அவர்கள் குடியிருக்கும் வீட்டு மொட்டைமாடியும் ஒரு கைப்பேசியும்தான் முதலீடு. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பூவிருந்தவல்லி வழியாகப் பேருந்து மாறிப் பல்லாவரம் சந்தைக்குப் போகிறாள். தரையில் விரித்த தார்ப்பாயில் குவிந்து கிடக்கும் பழைய சட்டை, பாவாடை, கோட்டுகளைக் கிளறி ஏழெட்டு உருப்படி தேர்ந்து வாங்குகிறாள். வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, தேய்த்து, சுண்ணாம்பு அடித்த மாடிச்சுவரில் ஆணி அறைந்து மாட்டி, காலை எட்டு மணி வெயிலில் படம் எடுக்கிறாள். முன்புறம், பின்புறம், கழுத்துப்பட்டியில் உள்ள கம்பெனிப் பெயர், இவற்றோடு மூன்று படம். அளவையும் விலையையும் எழுதி இன்ஸ்டாகிராமில் ஏற்றிவிட்டால், பெங்களூரிலோ கோவையிலோ யாரோ வாங்கிக்கொள்கிறார்கள். 2020 ஊரடங்குக்குப் பிறகு இந்தியாவெங்கும் கல்லூரிப் பெண்கள் இப்படிச் சிறுசிறு கடைகள் திறந்தார்கள். 'திரிஃப்ட்' என்பது அவர்களுக்குள் வழங்கும் பெயர்.

"பெயரில் தப்பில்லை அம்மா. வீட்டில் என்ன சொல்கிறார்கள்?" என்றேன்.

"அம்மா பத்து நாளாகப் பேசவில்லை ஐயா" என்றாள்.

அந்தப் பத்து நாள் மௌனத்தின் காரணத்தைப் பிறகு அவள் சொல்லக் கேட்டபோது, இது ஒரு வீட்டுச் சண்டையோடு முடிகிற சமாச்சாரம் அல்ல என்று தோன்றிற்று. பழந்துணி நம் நாட்டில் யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று, எந்த நிபந்தனையின்மேல் போயிற்று என்பதைத் தொடர்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். நம்மிடம் ஆடையின் வரலாறு என்றால் காஞ்சிப் பட்டின் வரலாறு, கலம்காரியின் வரலாறு. அதாவது புதுத்துணியின் வரலாறு. துணி பழையதான பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டவர் குறைவு.

சங்கப் பாடல்களில் பழந்துணி ஓர் இன்றியமையாத பாத்திரம். பொருநராற்றுப்படையின் பொருநன் ஈரும் பேனும் குடியிருக்கிற, வியர்வையில் நனைந்து ஊறிய, வேற்று நூலால் இழையோட்டித் தைத்த கந்தல் ஒன்றை உடுத்துக் கரிகாலன் முன்னே போகிறான். 'சிதார்' என்று அதற்குப் பெயர். அரசன் அதைக் களையச் செய்து, பாம்பின் சட்டை போன்று இழை தெரியாத மெல்லிய ஆடையைக் கொடுக்கிறான். புறநானூற்றிலும் இதையொத்த காட்சிகள் சில உண்டு. கவனிக்க வேண்டியது, கொடுத்த ஆடை எதுவும் அரசன் உடுத்திக் கழித்தது அல்ல. பாணனும் பொருநனும் வறியவர்கள். ஆனால் அவர்களுக்குப் பழையதைக் கொடுத்தான் என்று பாடினால் அது வசையாகிவிடும். தான் போர்த்த போர்வையைக் கொடுத்தவன் என்று நாம் கொண்டாடுகிறவன் பேகன் ஒருவன்தான். வாங்கிக்கொண்டது மயில், ஆகையால் மறுப்பேதும் எழவில்லை.

களைந்த அந்தச் சிதார் எங்கே போயிற்று என்று பாடல் சொல்வதில்லை. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒரு புலவர் இருக்கிறார். அறுவை என்பது துணி. துணி விற்றவர் கவிதை எழுதியிருக்கிறார், துணி தைத்தவர் காப்பியத்தில் இருக்கிறார். பழந்துணி விற்றவர் என்று ஒருவர் என் கண்ணுக்குப் படவில்லை. விற்பனைக்குரிய பொருளாக அது எண்ணப்படவில்லை என்றே ஊகிக்கிறேன்.

பின் எப்படிக் கைமாறிற்று? மேலிருந்து கீழாக. அதற்குச் சட்டமே இருந்தது. மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம், தன்னை அண்டிப் பணி செய்யும் சூத்திரனுக்கு எஞ்சிய உணவையும் கழித்த ஆடையையும் கொடுக்கச் சொல்கிறது. அதே அத்தியாயத்தில் சண்டாளர்களுக்கு விதித்த உடை, பிணத்தின் மேல் கிடந்த துணி. இதை நூலில் கிடந்த விதி என்று ஒதுக்கிவிட முடியாது. 1927 டிசம்பர் 25 அன்று மகத் நகரில் அம்பேத்கர் முன்னிலையில் அந்நூல் எரிக்கப்பட்டது. அந்த மாநாட்டை ஒட்டி அங்கே கூடிய பெண்களிடம், சாதியைக் காட்டிக்கொடுக்கும் விதமாகச் சேலை உடுத்துவதையும் நகை அணிவதையும் விட்டுவிடச் சொல்லி அவர் பேசினார். எரித்த ஏட்டுக்கும் உடுத்திய சேலைக்கும் இருந்த தொடர்பு அந்தப் பெண்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதாக இருந்திராது.

நம் ஊர்ப்பக்கத்தில் இதன் வடிவம் பொங்கலுக்குப் பழஞ்சேலை. களத்திலும் தொழுவத்திலும் வேலை செய்த பெண்ணுக்கு ஆண்டை வீட்டு அம்மாள் ஆண்டுக்கொரு முறை கொடுப்பது. நெல் அளப்பதைப் போல அதுவும் கூலியின் ஒரு பகுதி. ஆனால் கூலி என்று பெயரிடப்படாத கூலி. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) நாவலைப் படித்தவர்களுக்கு ஆரோக்கியத்தை நினைவிருக்கும். ஊரார் உடுத்திய துணியைச் சுமந்துபோய் வெளுத்துக் கொண்டுவரும் அந்த வண்ணாத்தியின் வாழ்வில், அழுக்குத்துணியும் பழந்துணியும் சோறும் தானியமும் ஒரே உறவின் வெவ்வேறு முனைகள். ஊருக்குள் சலவைக்கடையும் தையல் மிஷினும் வந்து சேரும்போது அந்த உறவு கழன்றுபோவதை இமையம் எந்தப் பக்கமும் சாயாமல் எழுதியிருப்பார்.

என் மாணவியின் ஆயா திருவள்ளூரை அடுத்த ஒரு கிராமத்தில் அப்படிப் பழஞ்சேலை வாங்கியவர். ஒரு பொங்கலன்று கொடுத்த சேலையை வாங்கிய திண்ணையிலேயே வைத்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ரயிலேறி அம்பத்தூருக்கு வந்தவர். அந்தப் பிள்ளைகளில் ஒருத்திதான் இப்போது பேச்சை நிறுத்திக்கொண்ட தாய். "காசு குடுத்து எவளோ போட்ட துணிய வாங்கிட்டு வர்றியே, அதத் தூக்கிப் போட்டுட்டுத்தான்டி உங்க ஆயா இங்க வந்துச்சு" என்பது மௌனத்துக்கு முன் அவர் சொன்ன கடைசி வாக்கியம்.

பழந்துணி என்றாலே நமக்கு அருவருப்பு என்றும் சொல்லிவிட முடியாது. பிறந்த குழந்தைக்கு முதலில் உடுத்துவது பழந்துணிதான். தாத்தாவின் நைந்த வேட்டியைக் கிழித்துத்தான் பல வீடுகளில் முதல் சுற்று. நீண்டநாள் வாழ்ந்தவரின் துணி என்றால் இன்னும் விசேஷம். தாயின் பழஞ்சேலை இல்லாமல் தூளி இல்லை. அண்ணன் சட்டை தம்பிக்கு வருவதில் கொஞ்சம் சிணுங்கல் உண்டு, இழிவு இல்லை. மாறாக, இறந்தவருக்குப் போர்த்துவது கோடி, அதாவது புதுத்துணி. முதலில் பழையது, முடிவில் புதியது என்ற இந்த ஏற்பாடு எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. ஆக, துணியின் பழமை நம்மை உறுத்தவில்லை. யார் உடுத்தினார் என்பதும் என்ன உறவில் கொடுத்தார் என்பதுமே உறுத்தின.

இதனால்தான், பழந்துணி இங்கே சரக்காக வேண்டுமானால் முதலில் அதை உடுத்தியவர் மறைய வேண்டியிருந்தது. இதைப் பல வழிகளில் நம் ஊர் செய்துபார்த்திருக்கிறது.

வெள்ளைக்காரர்களிடம் இந்தக் கூச்சம் இருக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி ஆவணங்களில், இங்கே இறந்துபோன ஐரோப்பியர்களின் உடைமைப் பட்டியல்களும் ஏலக் கணக்குகளும் ஏராளமாக உள்ளன. சட்டை இத்தனை, காலுறை இத்தனை, வாங்கியவர் இன்னார், விலை இவ்வளவு என்று வரிவரியாக எழுதியிருக்கிறார்கள். படைவீரன் இறந்தால் அவன் சாமான்களை உடனிருந்தவர்களிடையே ஏலம் போட்டுப் பணத்தை வீட்டுக்கு அனுப்புவது பிரிட்டிஷ் படையின் வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பூவிருந்தவல்லி, நோயுற்ற ஐரோப்பியப் படைவீரர்கள் தங்கி உடல்தேறும் இடமாக இருந்தது. எல்லாரும் தேறியிருக்கமாட்டார்கள். திருக்கச்சி நம்பி பிறந்த ஊரில், தோழனின் சட்டையை ஏலத்தில் எடுத்து மறுநாளே அணிந்துகொண்டு அணிவகுப்பில் நின்ற பத்தொன்பது வயது அயர்லாந்துக்காரனை என்னால் எளிதில் கற்பனை செய்ய முடிகிறது. அவனுக்கு அது யாருடைய சட்டை என்று தெரியும். தெரிந்ததாலேயே கூட ஒரு காலணா அதிகம் கேட்டிருப்பான்.

நம்மவர் பழையதைக் காசு கொடுத்து வாங்கும் இடமாகச் சென்னையில் பேர்பெற்றது மூர் மார்க்கெட். 1898இல் அடிக்கல் நாட்டி 1900இல் திறந்த கட்டடம். 1985 மே 30 அன்று எரிந்தது. ஆவடி, அம்பத்தூர்க்காரர்கள் தினமும் மின்ரயிலில் போய் இறங்குகிற மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் நிலையம் அந்த இடத்தில்தான் நிற்கிறது. பெயர் மட்டும் எரியவில்லை. இலக்கிய வாசகர்களுக்கு அது பழைய புத்தகங்களின் சொர்க்கம். என் அப்பாவுக்கு அது ஒரு கோட்டு. 1976இல் ஆவடித் தொழிற்சாலையிலிருந்து அவரைக் குளிர்காலத்தில் ஜபல்பூருக்கு அனுப்பினார்கள். புதுக் கம்பளிக் கோட்டுக்குச் சம்பளம் போதாது. மூர் மார்க்கெட்டை ஒட்டிய நடைபாதையில் பேரம் பேசி ஒன்றை வாங்கி வந்தார். அம்மா அதை வீட்டுக்குள் அனுமதிக்கவில்லை. மூன்று நாள் வேப்பமரத்தடியில் வெயிலில் கிடந்தது. காரணம் அழுக்கு அல்ல. 'பெரியாஸ்பத்திரியில் செத்தவன் துணியாக இருக்கும்' என்கிற பயம். இந்தப் பயம் அன்று ஊர் முழுக்க இருந்தது. ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் அக்ரா நகரத்தில் உள்ள காண்டமாண்டோ சந்தைக்கு மேலைநாட்டுப் பழந்துணி மூட்டை மூட்டையாக வருகிறது. அதற்கு அவர்கள் மொழியில் வைத்த பெயருக்குப் பொருள் 'செத்த வெள்ளைக்காரனின் துணி'. உயிரோடு இருக்கிறவன் இவ்வளவு நல்ல துணியைத் தூக்கி எறிவானா என்ற நியாயமான சந்தேகத்திலிருந்து பிறந்த பெயர். என் அம்மாவுக்கும் அந்தச் சந்தேகம்தான். (காண்டமாண்டோவும் 2025 ஜனவரித் தொடக்கத்தில் தீயில் எரிந்துபோயிற்று. பழம்பொருள் சந்தைகளுக்கும் நெருப்புக்கும் என்ன உறவோ.)

அந்தக் கோட்டின் உட்புறக் கழுத்தில் கருப்பாக ஒரு குறி இருந்தது; இரண்டு கோடும் மூன்று புள்ளியும். சேராங்கொட்டைப் பாலில் வண்ணார் போடும் குறி. எத்தனை முறை துவைத்தாலும் போகாது. எந்த வீட்டுத் துணி என்று அந்தக் குறியைப் போட்டவர் ஒருவரால்தான் படிக்க முடியும். அடையாளம் தெரியாத பிணம் கிடைத்தால் காவல்துறையினர் சட்டைக் காலரில் இக்குறியைத் தேடுவது அக்காலத் துப்பறியும் முறைகளில் ஒன்று. அப்பா அந்தக் குறியின்மேல் ஒரு துண்டு வெல்வெட்டை வைத்துத் தைத்துவிட்டுத்தான் ரயிலேறினார். உடுத்தியவனின் கடைசித் தடம் அது. அதையும் மூட வேண்டியிருந்தது.

ஆனால் மூர் மார்க்கெட் ஆண்களின் சந்தை. நம் வீடுகளின் பழந்துணியில் பெரும்பகுதி வெளியேறிய வாசல் வேறு. அது பாத்திரக்காரரின் கூடை. தெருவில் 'பழைய துணிக்குப் பாத்திரம்' என்ற குரல் கேட்டால் நடுப்பகல் தூக்கத்திலிருந்து பெண்கள் எழுந்து வருவார்கள். நான்கு பேண்ட், இரண்டு சேலை, ஒரு போர்வைக்கு ஓர் எவர்சில்வர் வாளி. இன்னும் ஒரு சட்டை சேர்த்தால் மூடியும் உண்டு. எங்கள் பட்டாபிராம் வீட்டின் சமையலறையில் பாதி இப்படி வந்ததுதான். அப்பாவின் சட்டை ஒன்று இன்றும் எங்களுக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருக்கிறது. பேரத்தின் நுணுக்கங்களைத் தனியாகவே எழுதலாம். பாத்திரக்காரர் துணியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஓட்டை பார்ப்பார். அம்மா வாளியைச் சுண்டி ஒலி பார்ப்பார். இருவரும் ஒருவரையொருவர் ஏமாற்றுவதாக இருவருக்கும் தெரியும்.

தில்லியில் வாக்ரி சமூகத்துப் பெண்கள் இதே பண்டமாற்றைச் செய்வதையும், அத்துணிகள் விடியுமுன் கூடும் சந்தைகளில் கைமாறுவதையும் லூசி நாரிஸ் என்னும் மானிடவியலாளர் 2010இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். இந்த வாணிபத்தின் சூட்சுமம் பாத்திரத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். துணிக்குக் காசு கொடுத்தால் அது விற்பனை. கௌரவமான குடும்பம் தன் பழந்துணியை விற்காது. பாத்திரம் வாங்கினால் அது குடித்தனம். எடுத்துக்கொண்டு போகிறவர் நம் தெருவில் அதை விற்கமாட்டார் என்ற உத்தரவாதமும் உண்டு. நம் சேலையை நாம் அறிந்த ஒருத்தி உடுத்தி நம் எதிரில் வரமாட்டாள். தூரம்தான் இதில் விலை.

பழைய பட்டுக்கு வேறு வழி. தங்கமுலாம் பூசிய வெள்ளி இழையைப் பட்டு நூலின்மேல் சுற்றியதுதான் ஜரிகை. ஆகவே கிழிந்த கல்யாணப் பட்டை வாங்குகிறவர் சேலையை வாங்குவதில்லை, வெள்ளியை வாங்குகிறார். எரித்து உருக்கிவிடுவார்கள். ஒரு பெண்ணின் திருமணநாள், தலைப்பிரசவம், மஞ்சள்கறை யாவும் நெருப்பில் போய் எடைக்கல்லில் சில கிராமாகத் திரும்புகின்றன. உடுத்தியவர் இதைவிட முழுமையாக மறைய முடியாது.

இந்த மறைப்பு நிகழாமல், கொடுப்பவர் பெருமிதத்தோடு பழையதை நேரே நீட்டினால் என்ன ஆகும் என்பதை 2004 டிசம்பர் 26க்குப் பிறகு தமிழகக் கடற்கரை கண்டது. ஆழிப்பேரலைக்குப் பின் நாட்டின் நாலா திசையிலிருந்தும் நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் லாரி லாரியாகப் பழந்துணி வந்து இறங்கிற்று. மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொடவில்லை. சாலையோரங்களில் குவியல் குவியலாகக் கிடந்து மழையில் நனைந்தன. 'எல்லாம் இழந்தவர்களுக்கு இவ்வளவு வீம்பா' என்று அப்போது சிலர் எழுதியதும் நினைவிருக்கிறது. முதல்நாள்வரை தன் படகில் தானே போய்த் தன் மீனைத் தானே விற்றவன் எந்தச் சட்டத்தின்படி கழித்த துணிக்கு உரியவன் ஆனான் என்ற கேள்வியை அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. வந்ததில் கிழிசல்களும், கடற்கரையில் யாரும் உடுத்தாத உடைகளும் இருந்தன என்பது இன்னொரு பக்கம். 1999இல் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் அமைப்பு அப்படி வீணாய்க் கிடந்த துணிகளைச் சேகரித்து, தரம் பிரித்து, பருத்தித் துண்டுகளை மாதவிடாய்த் துணிகளாக மாற்றியது. பழந்துணியைத் தானம் என்று சொல்லாமல் வேலைக்கு ஈடான ஊதியமாகக் கொடுப்பது அவர்களது கொள்கை. ஆண்டையின் பொங்கல் சேலையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது போல இருக்கிறது. திருப்பிப் போட்டதில் அவமானம் உதிர்ந்துவிட்டதா என்பதை வாங்கியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி எங்கள் பகுதியின் கதைக்கு வருகிறேன். சென்னையின் மேற்குப் புறநகர், துணி கிழிகிற இடம் மட்டுமல்ல, தைக்கிற இடமும்கூட. ஆவடியில் 1961இல் தொடங்கிய படையுடைத் தொழிற்சாலை இந்தியப் படைவீரர்களின் சீருடைகளைத் தைத்தது. 2021 அக்டோபர் 1 முதல் அது ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. அங்கே தைக்கும் உடைகளில் படைச்சீருடை ஒன்றுக்கு மட்டும் விசித்திரமான விதி: அதைப் பிறர் உடுத்தலாகாது. 2016 ஜனவரியில் பதான்கோட் தாக்குதலுக்குப் பிறகு, படைச்சீருடை போன்ற துணிகளைக் கடைகளில் விற்க வேண்டாம், மக்கள் உடுத்த வேண்டாம் என்று ராணுவம் வேண்டுகோள் விடுத்தது. உடுத்தியவனை விட்டுப் பிரியாத துணி என்றால் அதுதான்.

அம்பத்தூர் கதை இதற்கு நேர் எதிர். 1964இல் அமைந்த தொழிற்பேட்டையில் இயந்திர உதிரிப்பாகக் கம்பெனிகளோடு ஏற்றுமதி ஆடைக் கம்பெனிகளும் வளர்ந்தன. காலை ஏழரை மணிக்குத் தொழிற்பேட்டைப் பேருந்து நிறுத்தத்தில் நின்றால், சாப்பாட்டுக்கூடையோடு இறங்கும் பெண்களின் கூட்டம் திருவிழா போலிருக்கும். ஏற்றுமதி ஆர்டரில் பழுது வரும் என்று கணக்கிட்டுச் சில உருப்படிகள் கூடுதலாகவே வெட்டித் தைப்பார்கள். கப்பலேறாமல் தங்கியவையும், சோதனையில் தள்ளப்பட்டவையும் 'எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்' என்ற பெயரில் நடைபாதைக்கு வந்தன. தொண்ணூறுகளின் கல்லூரி மாணவன் எவனும் அந்தச் சட்டை ஒன்றையாவது அணியாமல் பட்டம் வாங்கியிருக்கமாட்டான், நானும் வாங்கவில்லை. அவற்றின் கழுத்துப்பட்டியில் கம்பெனிப் பெயரைக் கத்தரியால் வெட்டியிருப்பார்கள், அல்லது கருப்பு மையால் அடித்திருப்பார்கள். புதுத்துணிதான், ஆனாலும் அதற்கும் ஒரு பெயரை அழித்த பிறகே நம் கைக்கு வர அனுமதி. வண்ணார் குறியின்மேல் அப்பா வைத்துத் தைத்த வெல்வெட்டை நான் அந்தக் கருப்பு மையில் பார்த்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது பார்த்தது விலையை மட்டும்தான்.

வெளிநாட்டுப் பழந்துணி வருகிற பாதையிலும் இந்த அழிப்பு உண்டு. அரசாங்கமே அதைக் கேட்கிறது. உடுத்தக்கூடிய நிலையில் உள்ள பழந்துணியை இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும். மீண்டும் உடுத்த முடியாதபடி வெட்டிக் கிழித்துக் கந்தல் ஆக்கிவிட்டால் அந்தத் தடை இல்லை. உள்நாட்டு நெசவையும் ஆயத்த ஆடைத் தொழிலையும் காக்க வந்த விதி. 1965இல் தொடங்கிய காண்ட்லா வணிக மண்டலத்தில் சில நிறுவனங்கள் உலகத்துப் பழந்துணியைப் பிரித்து மீண்டும் ஏற்றுமதி செய்கின்றன. கிழித்த கம்பளிகள் ஹரியானாவின் பானிபட்டுக்குப் போய், நிறவாரியாகப் பிரிந்து, நாராகி, மறுபடி நூலாகிப் போர்வையாகின்றன. 1813இல் யார்க்ஷயரின் பாட்லியில் பெஞ்சமின் லா கண்டறிந்த தொழில், அங்கே ஓய்ந்து இங்கே வந்து குடியேறியிருக்கிறது. உடுத்தக்கூடியவற்றிலும் ஒரு பங்கு எப்படியோ நம் நாட்டுச் சந்தைகளுக்குக் கசிகிறது. பல்லாவரத்துத் தார்ப்பாயில் கிடக்கும் கம்பளிக்கோட்டுக்கு வேறு விளக்கம் இல்லை.

பழுதே விலையான கதையும் எங்கள் ஊர்ப் பெயரில் உண்டு. 1958இல் கேப்டன் கிருஷ்ணன் நாயர் மூலமாக நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு மெட்ராஸ் கட்டம்போட்ட கைத்தறித்துணி போயிற்று. முதல் சலவையிலேயே சாயம் ஓடி, வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். பிறகு 'சாயம் ஓடுவதற்கு உத்தரவாதம்' என்றே விளம்பரம் செய்து அதை ஒரு நாகரிகமாக்கிவிட்டார்கள் என்று துணி வணிகர்கள் சொல்வதுண்டு. வெளுத்துப்போன அந்தக்காலத்து மெட்ராஸ் சட்டைகளை இணையத்தில் தேடி வாங்கும் அமெரிக்கர்கள் இன்றும் இருக்கிறார்கள். பழையது என்பதே அங்கே தகுதி. அந்தத் தகுதிதான் இப்போது அம்பத்தூர் மொட்டைமாடிக்கு வந்திருக்கிறது. பெரிய நிறுவனங்களால் இங்கே அதை வைத்துப் பிழைக்க முடியவில்லை. 2021இல் இந்தியாவுக்கு வந்த போஷ்மார்க் 2023இல் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. பிழைத்திருப்பது இந்தப் பெண்கள்தான்.

மாட்டுப்பொங்கலன்று என் மாணவியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளது படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். எனக்கு முதலில் தோன்றியது, நூற்றாண்டுக்கணக்காக மூடி, வெட்டி, எரித்து, கிழித்து மறைத்ததை இவள் நடுவெயிலில் மாட்டிவைத்திருக்கிறாள் என்பது. எந்தக் கம்பெனிப் பெயரைக் கருப்பு மையால் அடித்து எங்களுக்கு விற்றார்களோ, அந்தக் கழுத்துப்பட்டிக்கு இவள் தனிப்படமே எடுக்கிறாள். 'யாரோ உடுத்தியது' என்பதை ஒளிக்காமல் முதல் வரியிலேயே எழுதுகிறாள். ஆனால் படத்தில் மனிதர் இல்லை. சுவர், ஆணி, சட்டை. கைகள் காற்றில் லேசாக விரிந்திருக்கின்றன. 'நீ போட்டுக்கொண்டு ஏன் படம் எடுக்கக்கூடாது?' என்று கேட்டேன். "நான் போட்டால் விலை குறையும் ஐயா" என்றாள். வேடிக்கையாகச் சொன்னாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன், அப்படித் தெரியவில்லை. மேற்கொண்டு கேட்கவில்லை. உடுத்தியவர் மறைய வேண்டும் என்ற பழைய நிபந்தனை அப்படியே தான் இருக்கிறது போலும்; இந்த முறை மறைகிறவள் விற்கிறவள்.

அவளுடைய அம்மா உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்தார். தொழிற்பேட்டையில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் செக்கிங் பிரிவில் வேலை. மகளோடு பேச்சில்லை, என்னோடு பேசினார். "ஆண்டை வீட்டுல குடுத்தா வேணாம்னு சொல்ல முடியாது சார். எங்கம்மாவால அன்னிக்கு ஒரு நாள்தான் சொல்ல முடிஞ்சிது. இவ காசு குடுத்து வாங்குறா. அதான் எனக்குப் புரியல, கோவமா இல்ல வேற என்னமோன்னு" என்றார். பதில் சொல்லும்படியான கல்வி எதுவும் என்னிடம் இல்லை. காப்பியைக் குடித்தேன்.

எழுந்து கிளம்புகிற நேரத்தில், கட்டிலின்மேல் பார்சலுக்காக மடித்துவைத்திருந்த நீலக்கட்டச் சட்டையை அவர் கையிலெடுத்தார். அனிச்சையாக எடுத்தது போலத்தான் இருந்தது. உட்புறத்தைத் திருப்பினார், தையலோரமாகக் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே போனார், அக்குளுக்குக் கீழே ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இங்க பாரு, ஸ்கிப் ஸ்டிச். இதக் காட்டாம எப்படிடி விப்ப?"

மகள் சட்டையை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது.